பத்தாம் நம்பர் ஸ்பேனர்

டூல் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தாருங்கள், அரைப் பக்கம் போதும், இந்த சீசனில் புதிதாக ரோட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அச்சகத்தில் கேட்டார்கள். உட்கார்ந்தேன். மூன்று நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன். திரும்பப் படித்தபோது, இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் காரியாபட்டியைக்கூடத் தாண்ட வேண்டாம் என்று தோன்றியது. அதனால் அரைப் பக்கம் இவ்வளவு நீளமாகிவிட்டது. டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடம் இந்த அச்சகத்துக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதும் அதைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்புவேன். தென்காசி வழியாகக் கொல்லம், தேனி வழியாகக் குமுளி, ஒரு முறை மைசூர். மற்ற மாதங்களில் சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் புரூஃப் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவேன். போன வருடம் இடுப்பில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது. இனிப் பத்து கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, ஐம்பது வயதில் ரோட்டிலிருந்து ரிட்டயர் ஆனவன் நான். இப்போது ஆர்டர் செக்‌ஷனில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். மேஜைக்கு அடியில் இடது கால் மட்டும் இன்னும் கியர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் பயணத்தில் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு பெரிய கடையில் டூல் செட் வாங்கினேன். முப்பத்திரண்டு உருப்படிகள். கறுப்புப் பெட்டி, உள்ளே சிவப்புப் பஞ்சு, ஒவ்வொன்றும் படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு குழி. திறந்து பார்ப்பதற்காகவே வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். உசிலம்பட்டி தாண்டிப் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டியூப் இருக்கிறது, பம்ப் இருக்கிறது. பின் சக்கரத்தின் அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். பெட்டியிலிருந்த முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. அந்த நட்டு எல்லாவற்றையும்விடப் பெரியது. வெயில் தலையில் உட்கார்ந்துகொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தேன். பின் சீட்டில் ஆல்பத்தின் அட்டையில் முருகன் சிரித்துக்கொண்டு வந்தார்.

விருதுநகரில் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக் என்னைவிட வயதில் சின்னவர். திரும்பி வந்து அவரிடம் பெட்டியைக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தார்.

"சார், இது டூல் கிட்டா, கல்யாணப் பொண்ணுக்கு வாங்குன நகப் பெட்டியா?"

"நல்ல கம்பெனி."

"நல்ல கம்பெனிதான். ஒங்க வண்டிக்கும் அதுக்கும் பேச்சுவார்த்த இல்ல. உக்காருங்க. இந்தப் பெட்டிய மட்டும் வச்சு வண்டியில எதையெதக் கழத்த முடியுதுன்னு பாருங்க. நா டீ குடிச்சிட்டு வாரேன்."

டீ குடித்துவிட்டு வந்தார். சாப்பிட்டுவிட்டும் வந்தார். என்னால் கழற்ற முடிந்தது கண்ணாடி மட்டும்தான். அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியில் ரோட்டோரத்தில் நாமே கழற்ற வேண்டி வரும் நட்டுகளை மட்டும் காட்டினார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு டூலைத் தன் பழைய சாமான்களிலிருந்து எடுத்து என் முன்னால் போட்டார். பதினொன்று வந்தது. அந்தப் பதினொன்றையும் கொண்டு அவருடைய கடை வாசலில், கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, பின் சக்கரத்தை நான் கழற்றி மாட்டினேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு விட்டார்.

நீங்களும் அதைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் பிடித்துத் திருகிப் பார்க்காத எதையும் பையில் வைக்காதீர்கள். கிளட்ச் கேபிள், ஃப்யூஸ், டேப், கட்டுக்கம்பி எல்லாம் பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பதினொன்றுக்கும் நம் பைண்டிங் செக்‌ஷனில் ஒரு சுருட்டுப் பை தைத்துக் கொடுத்தார்கள். டைரி அட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய மெரூன் ரெக்ஸின். பதினோரு அறை. ஒவ்வோர் அறைக்கு மேலும் டூலின் நம்பரை டைரியில் வருடம் அடிக்கிற தங்க ஃபாயிலால் அடித்திருந்தார்கள். டூலை உருவினால் அறை காலியாகும், நம்பர் பளபளக்கும். ரோட்டில் யாருடைய டூலோடும் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் வாலிலும் நான் சிவப்புப் பெயின்ட் ஒரு வளையம் பூசினேன். இவ்வளவு ஒழுங்காக இருந்தும்தான் நான் சொல்லப்போகிற காரியம் நடந்தது.

உங்களில் இரண்டு பேர் வெளியூர். அதனால் இதை விளக்கிவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. இரும்பு கல்லில் உரசினால் பொறி வரும், உள்ளே அந்த ஒரு பொறி போதும். கேட்டுக்குப் பக்கத்தில் மரப் பலகை அடுக்கு ஒன்று இருக்கும், புறாக்கூண்டு மாதிரி. ஃபோன், தீப்பெட்டி, வண்டிச் சாவி, பெல்ட், டூல் பை எல்லாம் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்களின் ஊக்கு, ஹேர்பின் வரை கேட்டில் இருக்கிற அம்மா கையால் தடவிப் பார்ப்பார். ஆண்களைத் தடவ மாட்டார். "பாக்கெட்ட உதறுங்க" என்பார். நாமே பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும்.

நான் சொல்கிற கம்பெனியின் கேட்டில் இருந்தவரை எல்லோரும் கேட்டக்கா என்பார்கள். நானும் அப்படித்தான், என் வயதுதான் என்றாலும். முன்பு உள்ளே திரி வெட்டிக்கொண்டிருந்தவர். வெடிமருந்துத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு நாற்காலி இல்லை.

புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம். நான் கொல்லம் பக்கம் கிளம்பிவிட்டேன், ஆல்பம் கட்டியாயிற்று. போகிற வழியில் அந்தக் கம்பெனியில் ஒரு பூச்சட்டி, அதாவது புஸ்வாண, லேபிளுக்கு ஃபோர்மேன் கையெழுத்து வாங்கிவிட்டால் இங்கே அச்சுக்குப் பிளேட் போட்டுவிடுவார்கள். கேட்டுக்கு எதிரில், வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். வழி முழுக்க நம்பர் பிளேட் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்திருந்தது. குந்த வைத்து உட்கார்ந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரை உருவி முடுக்கினேன்.

கேட்டிலிருந்து அக்கா கேட்டார். "என்ன லேபிள் சார், காலங்காத்தால வண்டிக்குக் காது குத்துறீகளா?"

"நம்பர் பிளேட்டு ஆடுதுக்கா."

"ஆளு ஆடாம இருந்தாச் சரி. வாங்க, ஃபோர்மேன் ரெண்டு தரம் கேட்டுட்டாரு."

எழுந்தேன். பையைச் சுருட்டிக் கட்டினேன். ஃபோன், சாவியோடு அதையும் அக்காவிடம் கொடுத்தேன். பலகையில் வைத்தார். பாக்கெட்டை உதறச் சொல்லவில்லை. சொல்வதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குள் அது ஒரு நட்பு மாதிரி ஆகிவிட்டது.

ஃபோர்மேன் மருந்து அடைக்கிற அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாதாரணமாக அவர்தான் ஆபீஸ் பக்கம் வருவார். அன்றைக்கு நகர முடியாது, இங்கேயே வாரும் என்று கையைக் காட்டினார். போயிருக்கக் கூடாது. போனேன். படியில் குனிந்து உட்கார்ந்து புரூஃபை விரித்துப் பிடித்தேன். உள்ளே நாலு பேர். ஓர் அறைக்கு அதற்கு மேல் ஆள் வைக்கக் கூடாது. முகங்களை நான் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். அலுமினியத் தூள் ஏறி முழங்கை வரை வெள்ளியாக இருந்தன. கோயிலில் வேண்டுதலுக்குப் போடுகிற வெள்ளிக் கைகளைப் போல இருந்தன, அசைந்துகொண்டிருந்தன என்பதுதான் வித்தியாசம்.

"செவப்பு பத்தாது. இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லும்" என்றார் ஃபோர்மேன். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, சாமான்களை வாங்கிக்கொண்டு, கிளம்பினேன்.

திருவில்லிபுத்தூர், ராஜபாளையம். வலது பக்கம் மலை கூடவே வந்தது. புளியங்குடிக்குள் நுழையும்போது வண்டி செத்துப்போனது. ஹார்ன் இல்லை, லைட் இல்லை, ஒன்றும் இல்லை. எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற லாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. ஓரங்கட்டினேன். பேட்டரி மூடியைத் திறந்தால், டெர்மினல் ஒயர் கழன்று கிடக்கிறது. ஒரு நிமிட வேலை. பத்தாம் நம்பர் போதும். பையை விரித்தேன்.

வெயிலில் தங்க எழுத்தில் பத்து என்று தெரிந்தது. அதற்குக் கீழே அறை காலி.

முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்கேயோ விட்டுவிட்டோமே என்கிற சாதாரண எரிச்சல். பஞ்சர் கடைக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. அவருடைய ஸ்பேனரை அவர் கையில் திருப்பிக் கொடுக்கிற அந்த நொடியில்தான் கேள்வி வந்தது. என்னுடையது எங்கே?

கேட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடி வரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நட்டை முடுக்கினேன். அக்கா பேசினார். நான் பதில் சொன்னேன். எழுந்தேன். ஸ்பேனர் கையிலிருந்து எங்கே போனது என்பது மட்டும் இல்லை. தரையில் வைத்தேனா, பை அறையில் செருகியதாக நினைத்தேனா, சட்டைப் பாக்கெட்டில் போட்டேனா? எனக்குப் பேசும்போது கையில் இருப்பதைச் சட்டைப் பாக்கெட்டில் போடுகிற பழக்கம் உண்டு. பேனா, டீக்கடை பில், எதுவானாலும். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டேன். காலி. அந்தப் பாக்கெட்டோடுதான் நான் மருந்து அறைப் படியில் குனிந்தேன்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குத்தான் உசிரு வந்துருச்சே. ஒங்க மூஞ்சி ஏன் செத்துப்போச்சு?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அவருடைய பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஃபோன் கையில் இருக்கிறது. கேட்டின் நம்பர் அதில் இருக்கிறது. நான் அழுத்தவில்லை. ஏன் அழுத்தக் கூடாது என்பதற்கு மனது வரிசையாக எடுத்துக் கொடுத்தது. ஸ்பேனர் ரோட்டில் விழுந்திருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான். சொன்னால் மணி அடிப்பார்கள், அத்தனை பேரும் வெளியே வருவார்கள், சீசனில் அரை நாள் போகும். உதறிக் காட்டாமல் என்னை உள்ளே விட்டது யார் என்று கேட்பார்கள், அக்கா நாற்காலி போகும். கடைசியாக, அந்தக் கம்பெனியின் லேபிள் வேலை முழுவதும் நம் அச்சகத்தை விட்டுப் போகும், அதற்குக் காரணம் நான் என்பார்கள். ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றுகூடப் பொய் இல்லை. எலுமிச்சை மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற ஏற எண்ணினேன்.

பிறகு அந்த வெள்ளிக் கைகள் ஞாபகம் வந்தன. இந்நேரம் அவற்றில் ஏதாவது ஒன்று ஒரு சட்டியை இழுக்கும். சட்டி ஏதாவது ஒன்றில் உரசும்.

அழுத்தினேன். அக்காதான் எடுத்தார்.

"அக்கா, லேபிள் சார் பேசுறேன்."

"சொல்லுங்க. புரூஃப விட்டுட்டுப் போயிட்டீகளா?"

"பத்தாம் நம்பர் ஸ்பேனரக் காணோம்க்கா. காலையில வெளிய கையில வச்சிருந்தேன். சட்டைப் பாக்கெட்டோட உள்ள கொண்டுவந்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

ஒரு மூச்சு கேட்டது. இழுப்பு உள்ளவர்களின் நீளமான மூச்சு. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கெங்க குனிஞ்சீக?"

"மருந்து ரூம் படியில."

"வேற?"

"வேற எங்கயும் இல்ல."

"காணோம்னு எப்பப் பாத்தீக?"

"இப்பத்தான்க்கா."

ரிசீவரை வைக்கவில்லை. மேஜை மேல் போட்ட சத்தம் வந்தது. அதற்குப் பிறகு மணி. பித்தளை மணி, விடாமல், அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் காதுக்குள் அடித்தது. நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் இருப்பதை மெல்லக் கீழே வைக்க வேண்டும். ஓடக் கூடாது. நடந்து வெளியே வர வேண்டும். அந்த நடையை நான் ஃபோனில் கேட்க முயன்றேன். கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பினேன். கொல்லம் எனக்குப் பின்னால் போய்விட்டது.

அந்த ரோட்டில் நூறு தடவை போயிருக்கிறேன். அன்றைக்கு நான் ரோட்டைப் பார்க்கவில்லை, எதிர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பார்வை உண்டு. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கையில் இருக்கிற சோற்றோடு எழுந்து வந்து வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தப் பக்கம் என்று. ராஜபாளையம் தாண்டியதும் டமார் என்று ஒரு சத்தம். பிரேக்கைப் பிடித்ததில் வண்டி சரிந்து ஒரு முழங்கால் ரோட்டில் தேய்ந்தது. அடுத்ததாக மூன்று நான்கு சேர்ந்து வெடித்தன. ரோட்டோரக் கோயிலில் யாரோ முடி இறக்கிவிட்டு வேட்டுப் போடுகிறார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிமிர்த்தினேன்.

கம்பெனிக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் மரநிழல்களில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள். எண்ண முடியாத ஓர் அரை நாளை நான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருத்தி உரக்கச் சொன்னாள்:

"ஏடி, அந்தப் பத்தாம் நம்பரு வந்துட்டாருடி. நல்லாப் பாத்துக்கிருங்க, இந்த மொகந்தான்."

கேட்டில் நாற்காலி காலியாக இருந்தது. அக்கா எதிர்ப்பக்கம் வேப்ப மரத்துக்கு அருகில், நிழல் நகர்ந்துபோன இடத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கி அவரை நோக்கி நடந்தேன்.

"கிட்ட வராதீக. அங்கனயே நில்லுங்க."

நின்றேன்.

"அங்கன இருந்தே பாத்துச் சொல்லுங்க. இது ஒங்களுதுதானா?"

அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி, வேப்பஞ்சருகுக்கு நடுவில், சிவப்பு வளையம் தெரிந்தது. நான் குந்த வைத்து உட்கார்ந்திருந்த அதே இடம். முழங்கால் எரிச்சல் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னுதுதான்க்கா. உள்ள போகவே இல்ல. எடுத்துக் காட்டிருவோம்."

"தொடாதீக. நா எடுத்தா, வெளிய கிடந்துச்சுன்னு நா சொல்லுறது மட்டுந்தான். நாற்காலியக் காப்பாத்த உள்ள இருந்து எடுத்தாந்து போட்டாளாம்னு சொல்லுவாக. நீங்க எடுத்தா அதவிட மோசம். ஃபோர்மேன் வந்து கிடக்கிற இடத்துலயே பாக்கட்டும்."

"எவ்வளவு நேரமா நிக்கிறீக?"

"மணி அடிச்சிட்டு நேரா இங்கனதான் வந்து தேடுனேன். ஆள விட்டுச் சொல்லியாச்சு. ரூம முடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டாரு. வெளிய ஒண்ணு கிடந்தா உள்ள ஒண்ணு இல்லன்னு ஆயிருமான்னு கேட்டாராம். கேட்டது சரிதான்."

ஒரு மணி நேரத்துக்கு மேலாக, இழுப்பு உள்ள அந்த அம்மா, ஓர் இரும்புத் துண்டுக்குக் காவல் நின்றிருக்கிறார். நிழலுக்குப் போகவில்லை, காரணம் ஸ்பேனர் நிழலில் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண்ணையும் தள்ளியே நிற்கச் சொல்லிக் கையை நீட்டி வாங்கியிருக்கிறார்.

ஃபோர்மேன் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. அறையில், படியில், மணலில், ஈர்க்கு விளக்குமாறால் அங்குலம் அங்குலமாகப் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து சருகோடு சேர்த்து ஸ்பேனரைப் பார்த்தார். சருகு கலைந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எடுத்தார்.

"ஒம்மளுதா?"

"ஆமா சார்."

அக்காவிடம் திரும்பினார். "உள்ள போகையில பாக்கெட்ட உதறச் சொன்னியாம்மா?"

நான் முந்திக்கொண்டேன். "சொன்னாக சார், நாந்தான் அவசரத்துல..."

"இல்ல சார்" என்றார் அக்கா. "சொல்லல. இவுகளச் சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு. மொகம் பழகிருச்சு."

"அப்ப கேட்டுல எதுக்கு ஒக்காந்திருக்க?"

மர நிழல்களில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அக்கா முந்தானையைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒங்க மொகமும் பழகுன மொகந்தான் சார். ஒங்களையும் நா உதறச் சொன்னதில்ல. இப்பச் சொல்லுறேன். உதறுங்க."

ஃபோர்மேன் அவரையே பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். இடது பாக்கெட்டை வெளியே இழுத்தார். ஒரு கைக்குட்டை. வலது பாக்கெட்டில் கையை விட்டவர் அப்படியே நின்றார். பிறகு மெல்ல வெளியே எடுத்தார். வண்டிச் சாவி. கனமான வளையத்தோடு.

அந்த மருந்து அறை வாசலில் காலையிலிருந்து அது அவரோடு இருந்திருக்கிறது. காலையிலிருந்து மட்டுமா, எத்தனை சீசனாகவோ.

"ஆத்தி" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சாவியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். "பலகையில வையி" என்றார். நாற்காலியைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

எனக்குத் தண்டனை இருந்தது, நியாயமாகவே. அந்த சீசன் முழுக்க நான் கேட்டைத் தாண்டக் கூடாது. புரூஃபை கேட்டுக்கு வெளியே பெஞ்சில் விரிக்க வேண்டும், ஃபோர்மேன் வந்து பார்ப்பார். இங்கே அச்சகத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைய கொல்லம் ஆர்டர்கள் இரண்டு வேறு அச்சகத்துக்குப் போயின. கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற ஷிஃப்ட் வேன்கள் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் ஒரு தலை நீண்டு, "பத்தாம் நம்பரு, உள்ள ஏதும் வச்சிட்டு வந்தீகளா?" என்று கேட்கும். இன்றைக்கும் கேட்கிறது. பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

ஆனால் அன்று கிளம்புவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மணி மறுபடி அடித்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் முன்னால் நின்றேன். அவர் தன் வாயாலேயே தன் தப்பைச் சொல்லிவிட்டார். என் தப்பு ஒன்று இன்னும் என் பாக்கெட்டில் இருந்தது.

"அக்கா, ஃபோன்ல இப்பத்தான் பாத்தேன்னு சொன்னேன்ல. அது இல்ல. பாத்துட்டுப் பத்து நிமிசம் சும்மா உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"ஒங்க நாற்காலிய நெனச்சேன். ஆர்டரையும் நெனச்சேன்."

மருந்துக் குழாயைத் துடைத்து மூடினார். அவசரமே இல்லை.

"என் நாற்காலிய நா பாத்துக்கிற மாட்டனா?"

மருந்துக் குழாயை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாலு பேரு இருந்தாக அந்த ரூம்ல."

"தெரியும்க்கா."

"பையத் தொறங்க."

விரித்தேன். ஃபோர்மேன் கொடுத்த ஸ்பேனரைப் பத்தாம் நம்பர் அறையில் செருகினேன். அவர் முன்னால் விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று. அவரும் உதடு அசைய எண்ணினார்.

"சரியா இருக்கு. போயிட்டு வாங்க" என்றார். நான் வண்டியை உதைத்த பிறகு கேட்டுக்கு உள்ளிருந்து சொன்னார்: "அடுத்த வாட்டி அந்தப் பத்து நிமிசத்தக் கொறச்சுக்கிடுங்க."

பத்து நிமிடமே இல்லாமல் செய்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எவராலும் அது முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஏதோ ஓர் ஊரில் வண்டி சரியாகிவிடும், பையில் ஓர் அறை காலியாக இருக்கும், சொல்லாமல் இருப்பதற்கு நல்ல நல்ல காரணங்களாக வந்து பக்கத்தில் உட்காரும். உட்காரட்டும். நீங்கள் அவற்றோடு எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்பதில்தான் வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு தடவை வந்தது, வேறு வேறு விஷயத்தில். ஒன்றில் நாலு நிமிடம். ஒன்றில் ஒன்றரை. கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பட்டியல் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. கேட்டில் பையைக் கொடுக்கும் முன் ஒரு தடவை எண்ணுங்கள், வாங்கியதும் ஒரு தடவை.

நாளைக் காலையில் அந்த வழியாகத்தான் போகிறீர்கள். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். உங்களைப் புதிது என்று உதறச் சொல்வார், அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டம் இரண்டு வருடம் கழித்து வரும். உங்கள் பெயர் தெரியும், வீட்டு நல்லது கெட்டது தெரியும், சிரித்துக்கொண்டே போங்க போங்க என்று அவரோ, வேறு கேட்டில் வேறு யாரோ சொல்வார்கள். அன்றைக்கு நகராமல் நில்லுங்கள். இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் பார்த்து முடிக்கிற வரை நில்லுங்கள்.